சின்னத் துறவியின் அச்சம்

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய 'கலிலியோவின் வாழ்க்கை' நாடகத்தைக் கத்தோலிக்கராகிய நாம் சற்று மனத்தாங்கலோடுதான் கையில் எடுக்கிறோம். நம் தாய்த் திருச்சபை அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஆயினும், படித்து முடித்தபின் நம்மை உறுத்துவது விசாரணை மன்றத்தின் தீர்ப்பன்று. இளந்துறவி ஒருவர் கலிலியோவிடம் வந்து பேசும் காட்சியே.

அவர் உழவர் மகன். தொலைநோக்கியில் கண்டதை மறுக்க இயலவில்லை. எனினும் வானியலைக் கைவிடத் துணிந்துவிட்டார். கம்பாஞா நாட்டுப்புறத்தில் வறுமையில் உழலும் அவருடைய பெற்றோர், இறைவனின் கண் தங்கள்மீது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் முதுகொடிய உழைக்கிறார்கள். பூமி சுழலும் சிறு உருண்டை என்றால் அவர்கள் பட்ட பாட்டுக்கு என்ன பொருள்? ஏழைகளின் மன அமைதிக்காக உண்மை வாய்மூடட்டும் என்கிறார். திருத்தந்தையின் போர்ச் செலவை அவ்வுழவர்களே சுமக்கிறார்கள் என்று கலிலியோ சீறுகிறார். இருவருமே உழவர்களுக்காகப் பேசுகிறார்கள். உழவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

துறவியின் இரக்கம் மெய்யானது. அதனாலேயே அது நம்மைச் சுடுகிறது. 'மக்கள் தாங்கமாட்டார்கள்' என்று மேலிடத்தில் முடிவுசெய்து மறைத்தவை எத்தனை! மக்களை நம்பாதவர்கள், தங்களை மட்டும் மக்கள் நம்பவேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்?

கலிலியோவின் சான்றுகள் அன்று முழுமை பெறவில்லை என்று நம்மவர் சொல்வதுண்டு. உண்மைதான். கடல் ஏற்றவற்றத்தைக் கொண்டு அவர் வகுத்த வாதம் பிழையானது. விண்மீனின் இடமாறு தோற்றம் அளக்கப்பட்டது 1838-இல்தான். ஆனால் சான்று போதாமை வாதத்தைத் தொடர்வதற்குக் காரணமாகலாம். வாயைக் கட்டுவதற்கு ஆகாது. 1633-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கர்தினால்கள் பதின்மருள் மூவர் கையொப்பமிடவில்லை. 1992, அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அத்தவற்றை வெளிப்படையாக ஏற்றார். இடையில் கழிந்தவை 359 ஆண்டுகள்.

பிரெக்டும் அறிவியலைத் தம் அரசியலுக்கு வளைக்கத் தவறவில்லை. 1938-39-இல் எழுதிய முதல் வடிவில், பணிந்துபோன கலிலியோ உண்மையை மறைவில் காத்த சாமர்த்தியசாலி. ஹிரோஷிமாவுக்குப் பின் திருத்திய வடிவில் அதே மனிதர் அறிவியலைக் காட்டிக்கொடுத்தவர். ஆசிரியரின் காலம் மாறியது, குற்றவாளியும் மாறிவிட்டார்.

நாம் பொறுக்க மாட்டாதது மற்றொன்று. நாடகத்தில் மகள் வர்ஜீனியா எதுவும் புரியாத பக்தை. தந்தையை வேவு பார்ப்பவள். வரலாற்றில் அவர் அருட்சகோதரி மரிய செலஸ்தே. தந்தை வாரந்தோறும் செபிக்குமாறு விதிக்கப்பட்ட ஏழு தவத் திருப்பாடல்களைத் தாமே ஏற்றுச் செபிக்க முன்வந்தவர். 1634-இல், 33 வயதில் கன்னியர் மடத்திலேயே இறந்தார். தந்தையையும் திருச்சபையையும் ஒருசேர நேசித்த அந்த மகளை நாடகத்தில் காணோம்.