டெய்லர் கேட்காத கேள்வி

தொழிலகத்தில் ஒரு சீர்திருத்தத்தைத் தொடங்குமுன் குறை என்ன, இலக்கு எவ்வளவு, எல்லை எது, யார் யார் சேர்ந்து செய்வது என்பவற்றை ஒரே தாளில் எழுதி ஒப்புதல் பெறுவர். இதற்குத் திட்டச் சாசனம் என்று பெயர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பிரெடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட 'விஞ்ஞான நிர்வாகத்தின் கோட்பாடுகள்' என்ற நூலைப் படித்தால் ஒன்று புலப்படும்.

பெத்லஹேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டிகளை ரயில் வண்டியில் ஏற்றும் வேலையை அவர் விவரிக்கிறார். ஓர் ஆள் நாளொன்றுக்கு ஏற்றியது 12½ டன். இலக்கு 47 டன். நாட்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. (வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலியோ இரு மடங்குகூட இல்லை!) குறையையும் இலக்கையும் எண்ணில் வடிப்பதில் டெய்லர் சமர்த்தர்தான். ஆனால் எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்பதெல்லாம் கடிகாரத்துடன் நிற்பவரின் கட்டளை. சுமப்பவரிடம் யோசனை கேட்கவில்லை. அவரை எருதுக்கு ஒப்பிடவும் ஆசிரியர் கூசவில்லை.

அதே 1911 ஆகஸ்டில், வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள் இம்முறையை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரித்தது. 1915-இல், இராணுவத் தொழிலகங்களில் கடிகாரம் வைத்து வேலையை அளப்பதற்கு அரசுப் பணம் செலவிடக் கூடாதென்று தடை வந்தது.