உடன்விசுவாசியைத் தாங்கும் மரபுகள்: பள்ளிகளும் அளவுகோல்களும்

நீதியாய் வாழ முயல்வதைக் கிறிஸ்தவ மறை தனிமனிதரின் முயற்சியாக மட்டும் என்றும் கருதியதில்லை. தவறியவரைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தவும் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கவும் கலாத்தியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் பணிக்கிறது. சீர்ப்படுத்தப் போகிறவர் தாமும் சோதிக்கப்படாதபடி எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்றும் அங்கேயே சொல்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரமோ முதலில் தனிமையில், பின்பு ஓரிரு சாட்சிகளோடு, இறுதியில் சபையின் முன் என்று கண்டிப்புக்கு ஒழுங்கு வகுக்கிறது. இவ்விரு பகுதிகளையும் எல்லா மரபுகளும் ஏற்றாலும், கேட்பவர் யார், சொன்னதை யார் காப்பது என்பதில் அவை வேறுபட்டன.

பாலைநிலமும் மடமும்

4ஆம் நூற்றாண்டு எகிப்தின் ஸ்கெத்திஸ் பாலைநிலத் துறவிகளிடையே, தம் உள்ளத்து எண்ணங்களை மூத்தவரிடம் மறைக்காமல் சொல்வது இளையவரின் அடிப்படைப் பயிற்சியாக இருந்தது. குற்றம் செய்த சகோதரர் ஒருவரை விசாரிக்கக் கூடிய அவைக்கு, முன்பு கொள்ளைக்காரராயிருந்த மோசே என்னும் துறவி ஓட்டைக் குடத்தில் நீர் சுமந்து வந்தார் என்றும், தம் பாவங்கள் தமக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கப் பிறர் குற்றத்துக்குத் தீர்ப்பளிக்க வந்திருப்பதாக அவர் கூறியதும் அவையோர் அச்சகோதரரை மன்னித்தனர் என்றும் பாலைநிலத் தந்தையரின் மொழித்தொகுப்பு சொல்கிறது.

இந்த மனப்பான்மையைச் சட்டமாக்கியது, 6ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புனித பெனடிக்ட் 73 அதிகாரங்களில் எழுதிய மடவொழுங்கு. பொதுவாழ்விலிருந்து விலக்கி வைக்கப்பட்ட துறவி துயரத்தில் மூழ்கிப்போகாதபடி, பக்குவமுள்ள முதியவர்களை மடத்தலைவர் மறைவாக அனுப்பித் தேற்ற வேண்டும் என்கிறது 27ஆம் அதிகாரம். மடத்தை விட்டுப் போனவரை மூன்று முறை வரை திரும்ப ஏற்கலாம் என்கிறது 29ஆம் அதிகாரம். உள்ளத்தின் மறைவான பாவத்தை, தம் புண்ணையும் பிறர் புண்ணையும் வெளிப்படுத்தாமல் ஆற்றத் தெரிந்தவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது 46ஆம் அதிகாரத்தின் விதி.

அயர்லாந்துத் துறவிகள் ஆன்ம நண்பர் என்னும் முறையைப் போற்றினர்; ஒவ்வொருவரும் தம் அக வாழ்வைத் திறந்து காட்ட ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. தனிமையில் செய்யும் பாவ அறிக்கை மேலை ஐரோப்பாவில் பரவ அவர்களே பெரிதும் காரணமாயினர். 1215இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, கடுமையான மடமொன்றில் வாழ்நாள் முழுதும் தவம் செய்ய அடைக்கவும் விதித்தது.

இல்லக் கூட்டமும் வகுப்பும்

சீர்திருத்தச் சபைகளில் இப்பணி குருவிடமிருந்து பொதுவிசுவாசிகளின் கைக்கு வந்தது. உள்ளார்ந்த பக்தியை வலியுறுத்திய லுத்தரன் இயக்கத்தின் முன்னோடியான ஸ்பேனர், 1670இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேதவாசிப்புக்கும் ஒருவரையொருவர் ஊக்குவிப்பதற்கும் இல்லக் கூட்டங்களைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் ஹாலே நகர மையத்தோடு தொடர்புடைய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார் என்பதால், தமிழ்ச் சுவிசேஷ சபைகளின் வேரிலும் இம்மரபு கலந்திருக்கிறது.

மெதடிஸ்ட் முறையின் பிறப்போ ஒரு கடன் கணக்கில் நிகழ்ந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆலயக் கட்டடக் கடனைத் தீர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென்று பேசப்பட்டபோது, ஏழைகளால் அதுவும் இயலாது என்ற மறுப்பு எழுந்தது. மிக ஏழைகளான பதினொருவரைத் தம் பொறுப்பில் விடுமாறும், அவர்களால் தர முடியாததைத் தாமே ஈடுசெய்வதாகவும் ஒருவர் முன்வந்தார். இவ்வாறு வீடு வீடாகக் காசு திரட்டச் சென்றவர்கள், ஒருவர் மனைவியோடு சண்டையிடுவதையும் மற்றொருவர் குடித்திருப்பதையும் கண்டு தெரிவிக்க, தாம் நெடுநாள் தேடிய மேய்ப்புப்பணிக்கு இதுவே வழி என்று மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி உணர்ந்தார். வசூல் பிரிவு ‘வகுப்பு’ என்னும் வாராந்தரக் கூட்டமாயிற்று. இதனினும் நெருக்கமான ‘பேண்ட்’ என்னும் சிறுகுழுவுக்கு அவர் 1738இலேயே எழுதியிருந்த விதிகளின்படி, ஒருவர் முதலில் தம் நிலையைச் சொல்லிவிட்டே மற்றவர்களின் பாவங்களையும் சோதனைகளையும் பற்றிக் கேட்க வேண்டும்.

அளவுகோல்கள்

இப்பள்ளிகளை ஒப்பிடும்போது மூன்று அளவுகோல்கள் தெளிவாகின்றன. முதலாவது, கேட்பவரும் அதே கேள்விக்கு உட்பட்டவராயிருத்தல். 1970களில் அமெரிக்காவில் எழுந்த மேய்ப்பு இயக்கத்தில் திருமணம், வேலை போன்றவற்றிலும் மேய்ப்பரின் இசைவு எதிர்பார்க்கப்பட்டு, துணை என்பது ஆதிக்கமாகிவிட்டது என்ற கண்டனம் எழுந்தது இதன் இன்றியமையாமையைக் காட்டுகிறது. இரண்டாவது, நம்பிச் சொன்னதைக் காத்தல். சபைக் குழுக்களில் இது ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் ஊர்ப்பேச்சாவதைத் தடுக்கும், ஆனால் சிறாருக்கோ பெண்களுக்கோ இழைக்கப்படும் கொடுமையை மூடிவைக்க உரிமை தராது. மூன்றாவது, கண்டிப்போடு கைப்பொருளும் தருதல். குடியை விட முயல்பவருக்கு அறிவுரை மட்டும் சொல்லி, அவர் கடனையும் வேலையின்மையையும் கவனியாமல் விடும் சபை பாதிப் பணியையே செய்கிறது. ஏழையின் பென்னியைத் தாமே கட்ட முன்வந்தவர்களுக்கே அவருடைய வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்கும் உரிமை கிடைத்தது. இன்றைய சபைகளுக்கும் அவ்வுரிமை அந்த வழியில்தான் வரும்.