காது எழுதிய கதைகள்

சங்கீதம் தெரிந்தவர்கள் எழுதும் சங்கீதக் கதைகளில் ஒரு தொல்லை உண்டு. நாலு பக்கம் தாண்டுவதற்குள் கதாநாயகன் மேளகர்த்தாவை எண்ண ஆரம்பித்துவிடுவான். கச்சேரி கேட்கலாம் என்று போய், லெக்-டெம்மில் மாட்டிக்கொண்ட அலுப்பு வாசகனுக்கு. தி. ஜானகிராமனிடம் எனக்கு அந்த அலுப்பு வந்ததேயில்லை. இத்தனைக்கும் பாட்டு கற்றுக்கொண்டவர். தஞ்சை மண்ணில் ராமாயணம் சொல்லும் தகப்பனாருக்குப் பிறந்தவர். தெரிந்ததைக் கொட்டித் தீர்க்க எல்லா முகாந்திரமும் இருந்தது.

'செய்தி' சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடநூலிலும் வந்த கதைதான். வக்கீல் வீட்டில் நாகஸ்வர வித்வான் வாசிக்கிறார்; கேட்க வந்திருப்பவர் போல்ஸ்கா என்ற மேல்நாட்டு இசைக்காரர். தியாகராஜரின் சாமா ராகக் கீர்த்தனை ஒன்று வருகிறது. போல்ஸ்கா நிலைகொள்ளாமல் ஆடிப்போகிறார். வேறெதுவும் வேண்டாம், அதையே திரும்ப வாசியுங்கள் என்று கேட்கிறார். அவருக்கு ராகத்தின் பெயர் தெரியாது, சாகித்தியத்தின் பொருளும் தெரியாது. எழுதுகிறவரின் சாமர்த்தியம் இங்கேதான். தனக்குத் தெரிந்த அத்தனையையும், ஒன்றும் தெரியாத ஒருவன் காதில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெயர் சொல்லித் தப்பிக்க வழியில்லை. அந்த மனிதனின் உடம்பில் ராகம் என்ன செய்கிறது என்றுதான் எழுதியாக வேண்டும்.

ஏன் சாமா? பாட்டின் பொருளே சாந்தம் என்பது ஒரு காரணம். ஆனால் ராகத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஹரிகாம்போதியின் ஜன்யம். ஏறும்போது காந்தாரம் இல்லை, இறங்கும்போது உண்டு. நிஷாதம் இரண்டிலுமே கிடையாது. மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்கத் தவிக்கும் ஸ்வரம் நிஷாதம்தான். அது இல்லாத ராகத்தில் அவசரம் எங்கிருந்து வரும்? தைவதத்தில் நின்று நிதானமாக மேலே போகலாம். கோயில் வீதி முழுக்க நிறைக்கிற வாத்தியத்தில், ஒரு கூடத்துக்குள், மூச்சை அடக்கி இதை வாசிப்பது லேசான காரியமல்ல. இதில் ஒரு வரியைக்கூட ஜானகிராமன் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் இந்த ராகத்தில் ஊறாதவர் கதைக்கு வேறு ராகத்தைத்தான் எடுத்திருப்பார், மோகனமோ கல்யாணியோ. கதை விழுந்திருக்கும்.

'மோகமுள்' வேறு மாதிரி. ஐம்பதுகளில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. தொடருக்கே உரிய தாராளம். கும்பகோணத்துப் பாபு, குரு ரங்கண்ணாவிடம் பாடம் கேட்கிறான். ஒருநாள் மராட்டியப் பாடகர்களின் குரல் அவனை உலுக்கிவிடுகிறது. ஞானம் இருந்து என்ன, சாரீரத்தைப் பழக்காமல் இருக்கிறோமே என்று நம் பக்கத்துப் பாடகர்கள் மேல் அவனுக்கு ஏற்படும் ஆற்றாமை, பாபுவின் வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பேசுவது ஆசிரியர்தான் என்று தோன்றிவிடுகிறது. எனக்கு அது உறுத்துவதில்லை. அத்தனை ஆசையாகக் கோபிக்கிறவரை யார் தடுப்பது?

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, சங்கீதமே இல்லாத இடங்களில் அவர் காது செய்யும் வேலை. 'மோகமுள்'ளில் பாபு மனதைப் பறிகொடுத்த யமுனா பேசுவதைக் கவனியுங்கள். சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் ஒரு நிறுத்தம், கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி. எதிரே பாபு தடுமாறுவது வார்த்தையின் பொருளால் மட்டுமல்ல, அது வந்து விழும் இடத்தால். பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வானொலியில் கல்வி ஒலிபரப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர். முகம் தெரியாமல் குரலை மட்டும் வைத்து ஆளை எடைபோடும் தொழில்.

ஜானகிராமன் எழுதியது ஆசையில் ஊறிய அனுபவம். ஆசையே இல்லாத அனுபவமும் நாவலாகும் என்பதற்கு அசோகமித்திரன் இருக்கிறார். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலைபார்த்தவர், 'கரைந்த நிழல்க'ளில் சினிமாவை ஒரு சொட்டு மயக்கமில்லாமல் எழுதினார். அதைப் படித்து முடித்த கையோடு மோகமுள்ளைத் தொட்டால் முதல் ஐம்பது பக்கம் சற்று இனிப்பாகத்தான் இருக்கும். ரங்கண்ணா வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.