இயந்திர இசையும் மனிதக் குரலும்: ‘எம்பயர்ஸ்’ இசைத்தொகுதி பற்றிய ஒரு நோக்கு

இலத்திரனியற் கருவிகளால் ஆக்கப்படும் நடன இசைமீது திறனாய்வாளர் சாட்டும் குறைகள் பெரும்பாலும் இரண்டாகும். அது உணர்ச்சியற்றது என்பது ஒன்று. கேட்போரைச் சிந்திக்கவிடாது ஒரே தாளத்தில் அணிவகுத்துச் செல்ல வைப்பது என்பது மற்றொன்று. இவ்விரு குறைகளும் ஒருங்கே சாட்டப்படத்தக்க ஓர் இசைத்தொகுதி, வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் கேட்போரை ஈர்க்குமாயின், அவ்வீர்ப்பின் தன்மை ஆராயப்படவேண்டியதே. வீ.என்.வீ. நேஷன் என்னும் குழு 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எம்பயர்ஸ்’, அதாவது ‘பேரரசுகள்’, அத்தகையதொரு தொகுதியாகும்.

இத்தொகுதி சார்ந்துள்ள ‘பியூச்சர்பொப்’ என்னும் இசைவகையின் தோற்றத்தை முதலில் நோக்குதல் பொருத்தமானது. ஜேர்மனியின் டுசுல்டோர்வ் நகரில் 1970ஆம் ஆண்டில் உருவான கிராவ்ற்வேர்க் குழுவினர், இயந்திரத்தின் சீரான இயக்கத்தையே இசையின் அடிப்படையாகக் கொண்டனர். 1980களில் பெல்ஜிய நாட்டுப் புறொன்ற் 242 முதலிய குழுக்கள் அவ்விசையை வன்மைமிக்கதாக்கின. ‘இலத்திரனியல் உடலிசை’ என வழங்கிய அவ்வகையில் இன்னிசை ஒதுங்கிற்று. கட்டளையிடுவது போன்ற குரலும் தொழிற்சாலையை நினைவூட்டும் ஓசையும் முன்னின்றன. மேடையிலே படையினரை ஒத்த தோற்றமும் இடம்பெற்றது. 1990களில் ஜேர்மனிய நடனக்கூடங்களிற் பரவிய ‘டிரான்ஸ்’ இசையோ, படிப்படியாக உயர்ந்து செல்லும் இன்னிசை அலைகளைத் தன் சிறப்பாகக் கொண்டிருந்தது. இவ்விரு நெறிகளும் பொப் பாடலின் அமைப்பிற் கலந்தபோது தோன்றியதே பியூச்சர்பொப். இப்பெயர் வழக்கிற்கு வருவதற்குக் காரணராகக் கூறப்படுவோர் வீ.என்.வீ. நேஷனைத் தோற்றுவித்த றோனன் ஹரிஸும், நோர்வேயின் அப்பொப்டிக்மா பேர்சேர்க் குழுவைச் சேர்ந்த ஸ்டீபன் குறோத்தும் ஆவர்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹரிஸ் 1990ஆம் ஆண்டில் இலண்டனில் இக்குழுவைத் தொடங்கினார். குழுப்பெயரின் முதலெழுத்துக்கள் ‘பழிவாங்கலன்று, வெற்றியே’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைக் குறிப்பன. ‘எம்பயர்ஸ்’ வெளிவந்த காலத்தில் ஹரிஸுடன் தாளக் கலைஞராக மார்க் ஜக்சன் இணைந்திருந்தார். அவர் 2017இல் விலகினார். ஜேர்மனிய நிறுவனமான டிப்பென்டன்ற் வெளியிட்ட இத்தொகுதி பத்து உருப்படிகளைக் கொண்டது.

இதன் ஒலியமைப்பை மூன்று அடுக்குகளாகப் பிரித்து நோக்கலாம். அடித்தளத்தில் ஒவ்வோர் அடியிலும் தவறாது விழும் தாளமும், அதனுடன் பிணைந்து மீண்டும் மீண்டும் ஒலிக்கும் தாழ்சுர வரிசையும் உள்ளன. இவற்றில் மனிதக் கையின் தயக்கமோ தளர்ச்சியோ கிடையாது. அதற்கு மேலே நீண்டு நிலைக்கும் சுரக்கூட்டுக்கள் பரவுகின்றன. ஒலித்தொகுப்பியின் வடிகட்டி மெல்லத் திறக்குந்தோறும் மங்கலாயிருந்த ஒலி சிறிது சிறிதாகத் துலங்குகின்றது. எதிரொலியின் நீட்சி அதற்கு ஒரு பரந்த வெளியைத் தருகின்றது. இத்தொகுதியின் ‘சூழல்’ எனப் பலரும் போற்றுவது இவ்வடுக்கினையே. மூன்றாவது அடுக்கு ஹரிஸின் குரல். அது பயிற்சியின் நுட்பங்களைக் காட்டும் குரலன்று. அணிகளின்றி, ஏறக்குறைய பேச்சின் நேர்மையுடன் அது பாடுகின்றது.

இம்மூன்றாம் அடுக்கிலேயே ஈர்ப்பின் காரணம் தங்கியுள்ளதென்பது எமது கருத்து. இயந்திரம் பிழையற்றது. குரலோ பிழைக்கு இடமுள்ளது. தளராத தாளத்தின் நடுவே தளரக்கூடிய ஒருவன் பாடுகின்றான் என்ற உணர்வே கேட்போனைத் தொடுகின்றது. தாளம் தளர்ந்து குரலுக்கு இசைந்திருப்பின் அவ்வுணர்வு தோன்றியிராது. ஆகவே இங்கு உணர்ச்சி இயந்திரத்தை மீறிப் பிறப்பதன்று. இயந்திரத்தோடு கொண்ட முரணிலிருந்து பிறப்பது. இயந்திர இசை உணர்ச்சியற்றது என்போர் இம்முரணைக் கருத்திற் கொள்வதில்லை.

இரண்டாவது குறை இதனிலும் கடுமையானது. பேரரசு, இராச்சியம், படையணி, மீட்பர் எனத் தலைப்புக்கள் செல்கையில், அதிகாரத்தை வழிபடும் கலையோ இதுவென்ற ஐயம் எழுதல் இயல்பே. அணிநடைத் தாளமும் ஆட்சியின் படிமங்களும் இணையும்போது விளையக்கூடிய தீமையை ஐரோப்பியர் தமது வரலாற்றிற் கண்டவர்கள். எனவே இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது.

விடைக்கு ‘றூபிக்கன்’ என்னும் பாடலின் தலைப்பே ஒரு வழி காட்டுகின்றது. கி.மு. 49இல் யூலியஸ் சீசர் தன் படையுடன் கடந்த இத்தாலியச் சிற்றாறு அது. கடந்தபின் மீளமுடியாத எல்லைக்கு அப்பெயர் ஆகிவந்தது. ஆயின் பாடலிற் கேட்பது வெற்றி முழக்கமன்று. முடிவெடுக்கவேண்டிய ஒருவனின் தனிமையே அங்கு ஒலிக்கின்றது. ‘தொலைவு’ எனப் பொருள்படும் மற்றோர் உருப்படி ‘றூபிக்கன் 2’ என்னும் துணைத்தலைப்புடன் பின்னர் வருகின்றது. ஆற்றைக் கடந்தவனுக்கு வெற்றி வாய்த்ததெனக் கூறாது, தொலைவு வாய்த்ததெனக் கூறும் இவ்வமைப்பு மனங்கொளத்தக்கது. நமது மரபின் சொற்களிற் கூறுவதாயின், புறத்தின் படிமங்களைக் கொண்டு அகத்தின் நிலை பேசப்படுகின்றது.

தொகுதியின் தொடக்கமும் முடிவும் இவ்வகையிற் பொருளுடையன. முதலாவது உருப்படியின் தலைப்பு ‘முதலொளி’ எனப் பொருள்படும். இறுதிப் பாடலின் தலைப்பு மின்வில் விளக்கின் ஒளியைக் குறிக்கும். விடியலின் ஒளியிலே தொடங்கி, மனிதன் ஆக்கிய ஒளியிலே இது முடிகின்றது. இயந்திரமும் வெளிச்சம் தரலாம் என்ற நம்பிக்கையை இதனிலும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

எனினும் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. பேரரசு முதலிய சொற்கள் இங்கு வரலாற்றினின்றும் பிரிக்கப்பட்டுவிட்டன. எவருடைய பேரரசு, எவருடைய குருதியில் எழுந்தது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அகத்தைப் பேசுவதற்குப் புறத்தைக் கடன்பெற்ற கலைஞன், அப்புறத்தில் மாண்டவர்களை மறந்துவிடுகின்றான். ‘பழிவாங்கலன்று, வெற்றியே’ என்ற தொடரிலும் தோற்றவனுக்கு இடமில்லை. பின்வந்த குழுக்கள் பல, குரலின் நேர்மையை விடுத்து எழுச்சியின் வாய்பாட்டை மட்டும் பின்பற்றியதனால், இவ்வகை விரைவிலேயே தன்னைத்தான் திரும்பக் கூறுவதாயிற்று. வாய்பாடு எளிதிற் கைவரும். முரண் அவ்வாறு கைவருவதன்று.

ஆகவே ‘எம்பயர்ஸ்’ அதிகாரத்தை வழிபடும் இசையுமன்று. அதிகாரத்தை விசாரிக்கும் இசையுமன்று. பெருந்தாளத்தின் நடுவே தனிக்குரல் ஒன்று அழியாது நிற்கக்கூடும் என்பதை அது காட்டுகின்றது. நடனக்கூடத்தில் நூறுபேரோடு ஒரே அடியில் அசைந்தும், தன்னைத் தனியனாகவே உணரும் கேட்போனுக்கு அது ஆறுதலாகின்றது. அவ்வாறுதலை மதிப்போம். அத்துடன், அது எழுப்பாது விட்ட வினாவை நாம் எழுப்புதலும் கடனாகும்.