பரீதின் பாவும் குருமாரின் மறுமொழியும்

சீக்கியர் இறைவனை ஏகன், உருவற்றோன், பிறவாதோன் என்பர். அவர்தம் ஆதி கிரந்தத்தை 1604-இல் தொகுத்த குரு அர்ஜன், பாக்பட்டனில் அடங்கிய சிஷ்தி ஞானி பாபா பரீதின் (ரஹ்) பெயரால் வழங்கும் பாக்களையும் அதனுள் சேர்த்தார். (அவை பின்வந்த ஷைகு இப்ராஹீமுடையவை என்பாரும் உளர்.) இதனைச் சமய நல்லிணக்கம் என்று மட்டும் புகழ்ந்து அமைவோர் நூலை ஊன்றிப் பயின்றவரல்லர். பரீதின் பாக்களிற் சில, உடலை வருத்தும் கடுந்தவம் பேசுகின்றன. குருமார்க்கோ அது உடன்பாடன்று. எனினும் அவர் சொல்லைத் திருத்தினாரல்லர், நீக்கினாருமல்லர். தம் மறுமொழியை அதனருகே வைத்தனர். நம் பதிப்பாசிரியர் எத்தனை பேருக்கு இந்நேர்மை வாய்த்தது? 1708 முதல் குருவாகவே போற்றப்பெறும் அந்நூலில் பாவும் மறுமொழியும் ஒருங்கே ஓதப்படுகின்றன.