கல்லில் கண்ட சிரிப்பும் திரையில் கண்ட சிரிப்பும்

மாமல்லபுரத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம், அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நாம் சற்று நேரம் நிற்பதுண்டு. யானைகளை வியந்து நோக்கும் பிள்ளைகள், அவற்றின் அருகே ஒரு பூனையைக் கண்டதும் வாய்விட்டுச் சிரிப்பர். முன்னங்கால்களை மேலே தூக்கிப் பூனை தவம் செய்கிறது. அதை நம்பிய எலிகள் சூழ்ந்து நிற்கின்றன. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் நகைச்சுவை, விளக்கவுரை எதுவுமின்றி இன்றைய குழந்தைக்கும் புரிகிறது.

அதே நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி அங்கத நாடகத்தை இயற்றினான். செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரை அவன் காலத்ததே. துறவுக்கோலம் பூண்டும் ஆசை துறவாதவரை அந்நாடகம் நகையாடுகிறது. பூனையாயினும் காபாலிகனாயினும் அங்கே சிரிப்புக்கு இலக்காவது பொய்வேடமே. எவருடைய உடற்குறையும் அன்று.

மாலையில் வீடு திரும்பியதும் அதே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். நகைச்சுவைக்கென்றே நாள் முழுவதும் ஒளிபரப்பும் அலைவரிசைகள் இன்று உள்ளன. அவற்றில் சிரிப்புக்குப் பொருளாவன எவை? கறுத்த நிறம், பருத்த உடல், வழுக்கை, திக்கும் நாக்கு. உதைபடும் நண்பன், ஏசப்படும் மனைவி. இரட்டைப் பொருள் வசனத்தைச் சிறுமி ஒருத்தி ஒப்பிக்க, நடுவர்கள் கைதட்டுகின்றனர்.

"சிரிப்புத்தானே, இதில் என்ன கேடு?" என்பர் சிலர். எள்ளலைத் தொல்காப்பியமும் நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகவே கூறுகிறது. ஆகவே எள்ளலே குற்றமென்று நாம் சொல்லவில்லை. யாரை எள்ளுகிறோம் என்பதே கேள்வி. விளையாட்டாகச் செய்யும் இகழ்ச்சியும் துன்பமே என்று வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் தாமும் அவ்வாறே அடித்தனர். 1965இல் வெளிவந்த அவரது மற்றோர் ஆய்வு இன்னும் கருதத்தக்கது: திரையில் அடித்தவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். நம் தொலைக்காட்சியிலோ இகழ்பவனுக்குக் கிடைப்பது தண்டனையன்று. பின்னணியில் எழும் சிரிப்பொலி. பாராட்டப்படும் செயலைக் குழந்தை பழகாதிருக்குமா?

நாமறிந்த சிறுவன் ஒருவனுக்குப் பேச்சு சற்றுத் திக்கும். திரையில் கேட்ட திக்கலை அவன் முகத்தெதிரே நடித்துக் காட்டி உடன் பயில்வோர் மகிழ்ந்தனர். பிறகு அவன் வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டான். நடித்தவர்கள் தீய பிள்ளைகள் அல்லர். வீட்டில் சிரிப்பைப் பெற்றுத்தந்ததைப் பள்ளியிலும் செய்து பார்த்தார்கள், அவ்வளவே.

குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாதன ஒளிபரப்பலாகாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் கூறுகின்றன. மாற்றுத்திறனாளரைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. எனினும் விதியும் தீர்ப்பும் நம் கூடத்திற்குள் வந்து அமர்வதில்லை. அங்கே குழந்தையின் அருகில் அமர்ந்திருப்பவர் நாமே. முதலில் சிரிப்பவரும் பெரும்பாலும் நாமே.

அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வரும்போது, "இப்போது யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவர் இங்கே இருந்தால் சிரிப்பாரா?" என்று பிள்ளையிடம் கேட்போம். மாமல்லபுரத்துப் பூனையையும் நினைவூட்டுவோம். சிரிப்பைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. பிறரை நோகச்செய்யாத சிரிப்பை அவர்களுக்குக் காட்டினால் போதும்.