மூன்று லைஃப் கிடையாது

என் அண்ணன் மகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்து, பெருங்குடியில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட்டில் தனியாகக் குடியேறியிருக்கிறாள். முதல் வாரமே போன். ‘‘சித்தப்பா, ராத்திரில கொஞ்சம் பயமா இருக்கு. வீட்ல ஏதாவது வாங்கி வெச்சுக்கலாம்னு பார்க்கறேன். பெப்பர் ஸ்ப்ரேயா, பேஸ்பால் மட்டையா?’’

நம் ஊரில் பேஸ்பால் ஆடுகிறவர்களைவிட அந்த மட்டையை வாங்குகிறவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். எல்லாம் சினிமா உபயம். சரி, சினிமாவிடமே கேட்போம் என்று, பெண் இருக்கும் வீட்டுக்குள் ஆள் நுழைகிற படங்களில் மூன்றை மறுபடி பார்த்தேன். திகிலுக்காக அல்ல. கராத்தே தெரியாத, கத்தி பிடிக்கத் தெரியாத ஒரு புதுமுகத்துக்கு இவை ஏதாவது சொல்லிக்கொடுக்கின்றனவா என்று. (கதையைச் சொல்லிவிடப் போகிறேன். பார்க்காதவர்கள் மன்னிக்க.)

முதலில் நம்ம ஊர் ‘கேம் ஓவர்’. 2019-ல் அஸ்வின் சரவணன் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தது. வீடியோ கேம் உருவாக்கும் ஸ்வப்னாவாக டாப்ஸி. கால்கள் முறிந்து வீல்சேரில் இருக்கிறார். துணைக்கு வீட்டு வேலை பார்க்கும் கலாம்மா, வினோதினி பிரமாதம். ஒரு ராத்திரி முகமூடிக் கொலைகாரர்கள் வருகிறார்கள். ஸ்வப்னா தோற்றுப் போகிறாள். ஆனால், வீடியோ கேமில் போல அவளுக்கு இன்னொரு லைஃப் கிடைக்கிறது. போன தடவை எங்கே தப்பு செய்தோம் என்பது ஞாபகம் இருப்பதால் அடுத்த தடவை கொஞ்சம் முன்னேறுகிறாள். மூன்றாவதில்தான் ஜெயிக்கிறாள்.

இந்தப் படத்தின் பெரிய நேர்மை இதுதான்: புதிதாக மோதுகிறவர் முதல் தடவை தோற்பார். பயத்தில் கை நடுங்கும், தெரிந்த ஸ்விட்ச் தெரியாது, அவசரத்தில் சாவி கீழே விழும். வேறு படமாக இருந்தால் முதல் ரீலிலேயே ஹீரோயின் நாலு பேரைப் பந்தாடியிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், உங்களுக்கும் எனக்கும் மூன்று லைஃப் கிடையாது. அதனால் தோற்கிற அந்த முதல் ரவுண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாமே வீட்டில் ஆடிப் பார்த்துவிட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து எழுந்து, போனை எடுத்து, பெட்ரூம் கதவைத் தாழ் போட எத்தனை விநாடி? வாசல் பூட்டின் சாவி எங்கே? தாழ்ப்பாள் உண்மையில் விழுகிறதா, இல்லை மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மறுக்கிறதா? சிரிக்காதீர்கள். என் வீட்டில் நானே செய்து பார்த்தேன். சாவி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, 2002-ல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்த ‘பேனிக் ரூம்’. விவாகரத்தான ஜோடி ஃபாஸ்டர், சர்க்கரை நோயுள்ள மகளுடன் (சின்னப் பெண்ணாக கிறிஸ்டன் ஸ்டூவர்ட்) நியூயார்க்கில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிவருகிறார். அந்த வீட்டில் ஆபத்துக் காலத்தில் ஒளிந்துகொள்ள எஃகுக் கதவுடன் ஒரு ரகசிய அறை. அன்று ராத்திரியே மூன்று திருடர்கள். வீடு காலி என்று நினைத்து வந்தவர்கள்!

தாயும் மகளும் அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்கிறார்கள். சுற்றிலும் கேமரா, கான்கிரீட் சுவர். ஆனால் அந்த அறைக்கான தனி டெலிபோனுக்கு இன்னும் இணைப்பு கொடுக்கவில்லை. செல்போன் படுக்கை அருகே. மகளின் ஊசி மருந்தும் வெளியே. திருடர்களுக்கு வேண்டியதோ அந்த அறைக்குள் இருக்கும் பெட்டகத்தில். இதைவிட அழகாக ஒருவர் தன்னைத்தானே பொறியில் மாட்டிக்கொள்ள முடியாது.

ஃபின்ச்சரின் கேமரா சாவித் துவாரத்துக்குள்ளெல்லாம் புகுந்து வித்தை காட்டுகிறது, கொஞ்சம் அலட்டல். ஆனால், அதன் பாடம் உறுதியானது. செய்தி சொல்ல முடியாத கோட்டை ஒரு சிறை. பெருங்குடி ஃப்ளாட்டில் எஃகு அறை தேவையில்லை. உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போட்ட பெட்ரூம், அதில் சார்ஜ் ஏறிய செல்போன், அதில் 112. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டி.வி.யை எடுத்துக்கொண்டு போகிறவன் போகட்டும். இன்னொரு டி.வி. வாங்கலாம்.

மூன்றாவது பழசு. 1967-ல் வந்த ‘வெயிட் அன்டில் டார்க்’. ஃப்ரெடரிக் நாட் எழுதிய மேடை நாடகம், டெரன்ஸ் யங் இயக்கம். சமீபத்தில் பார்வையை இழந்த சூஸியாக ஆட்ரி ஹெப்பர்ன். வீட்டில் இருக்கும் ஒரு பொம்மைக்குள் ஹெராயின். அதைத் தேடி மூன்று பேர் வருகிறார்கள்.

கிளைமாக்ஸ் பிரசித்தம். சூஸி வீட்டிலுள்ள பல்புகளையெல்லாம் உடைத்து, எதிரியையும் தன்னைப் போல் இருட்டில் நிற்க வைக்கிறாள். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு விளக்கு இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறாள். தியேட்டரே நடுங்கிய காட்சி. எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் பட்டது படத்தின் முதல் பாதி.

அந்த மூன்று பேரும் ஜன்னலை உடைத்து வரவில்லை. பெல் அடித்து வருகிறார்கள். ஒருவன் கணவனின் பழைய ராணுவ நண்பனாம். இன்னொருவன் போலீஸாம். அன்பான குரல், மரியாதையான பேச்சு. முதலில் சூஸி நம்பிவிடுகிறாள். பிறகு சின்னச் சின்ன சப்தங்கள் உறுத்துகின்றன. வருகிறவர்களெல்லாம் ஏன் ஜன்னல் திரையையே ஏற்றி இறக்குகிறார்கள்? அந்த உறுத்தலை ‘சேச்சே, தப்பா நினைக்கக் கூடாது’ என்று அவள் தள்ளிவிடவில்லை. அங்கேதான் தற்காப்பு ஆரம்பிக்கிறது. பல்பை உடைப்பதெல்லாம் பின்னால் வருவது.

மூன்றில் வயதான இந்தப் படம்தான் நிஜத்துக்குக் கிட்டே நிற்கிறது என்பேன். முகமூடி போட்டவனைப் பார்த்துப் பயப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். பேஸ்பால் மட்டை அந்நியனுக்கு. தெரிந்தவரிடம் சொல்ல வேண்டியது, ‘இப்ப முடியாது, நாளைக்குப் பகல்ல வாங்க’ என்ற வாக்கியம். நம் பெண்களுக்குச் சின்ன வயசிலிருந்து இதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லித்தருகிறோம். வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்க வைத்துப் பேசினால் மரியாதைக் குறைவாம்!

சென்னை ஃப்ளாட்களில் மரக்கதவுக்கு வெளியே ஒரு இரும்பு கிரில் கேட் இருக்கும். அது ஒரு அருமையான கண்டுபிடிப்பு. கிரில்லைப் பூட்டியபடியே புன்னகைக்கலாம், பார்சல் வாங்கலாம், ‘யார் அனுப்பினாங்க, நம்பர் குடுங்க’ என்று கேட்கலாம்.

சூஸிக்கு இன்னொரு ஆயுதமும் இருந்தது. மாடி வீட்டுச் சிறுமி குளோரியா. கண்ணாடி போட்ட, முசுட்டுப் பெண். முதலில் இருவருக்கும் சண்டை. பிறகு அவள்தான் வெளியே வேவு பார்த்து போன் மணியால் எச்சரிப்பவள், கணவனை அழைத்துவர ஓடுபவள். கண் தெரியாத பெண்ணைக் காப்பாற்றியதில் பாதிப் புண்ணியம் அந்தக் குட்டிக்கு.

இனி பெப்பர் ஸ்ப்ரே. வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடைத்த அறைக்குள் அடித்தால் அடித்தவர் கண்ணும் எரியும். கத்தியை எடுத்தால் அது கை மாறலாம். சட்டம் உங்கள் பக்கம்தான். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்பது நிபந்தனை. எல்லாமே தப்பித்து ஓட ஒரு நிமிஷம் சம்பாதிக்கத்தான். ஜெயிப்பதற்கு அல்ல.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் நீளமாகச் சொன்னேன். ‘‘சரி சித்தப்பா’’ என்று சுருக்கமாக வைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பேசினாள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் பெல் அடித்து, கேஸ் லீக் ஆகிறதாகப் புகார் வந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றாராம். இவள் மரக்கதவையே திறக்கவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டிக்குப் போன் போட்டாள். ஆன்ட்டி, அங்கிள், அவர்களுடைய நாய் மூவரும் வெளியே வந்து பார்த்தபோது ஆளைக் காணோம்.

‘‘நிஜமாவே கேஸ்காரரா இருந்தா பாவம்ல, சித்தப்பா?’’ என்றாள்.

‘‘இருக்கலாம். நிஜமான கேஸ்காரர் உன்மேல கோபப்பட்டுட்டுப் போகட்டும், பரவால்ல’’ என்றேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். அவர்கள் பையனுக்கு வாரம் இரண்டு நாள் கணக்கு சொல்லித்தருகிறாளாம். அவன் முசுடாம்.

பேஸ்பால் மட்டை வாங்கவில்லை. பெப்பர் ஸ்ப்ரே வாங்கியிருக்கிறாள். எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.